கடல் போட்ட கோடு, காவல் போட்ட கோடு

பள்ளிக்கரணையில் வண்டி ஏறி, நாராயணபுரம் ஏரியைத் தாண்டி, துரைப்பாக்கம்–பல்லாவரம் இருநூறடி ரேடியல் ரோட்டைப் பிடித்து, கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை வழியாகப் பல்லாவரம் போய், ஜி.எஸ்.டி. ரோட்டில் வலப்பக்கம் திரும்பினால் திரிசூலம் விமான நிலையம். அங்கிருந்து அந்தமானின் தலைநகருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். போர்ட் பிளேர் என்று நெடுநாள் வழங்கி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய ஊர் அது. சென்னைத் துறைமுகத்தில் கப்பல் பிடித்தால் மூன்று நாள் ஆகும். எளிய பயணம்தான். 2020இல் இதே பயணத்தின் குறுக்கே எத்தனை கோடுகள் விழுந்தன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பள்ளிக்கரணை 2011இலேயே சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. அடுத்துள்ள கோவிலம்பாக்கமோ செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. அந்த மாவட்டமே 2019 நவம்பரில் பிறந்தது. காவல் எல்லை இவை இரண்டோடும் ஒட்டாமல் தனியாக ஓடியது. 2020 ஜூன் 1 முதல் தமிழ்நாட்டை எட்டு மண்டலங்களாக்கி, சென்னைக் காவல் எல்லையைத் தனி மண்டலமாக வைத்தார்கள். ஜூன் 19 முதல் முழு ஊரடங்கு. மளிகைக்கும் காய்கறிக்கும் இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்தே போய்வர வேண்டும் என்றார்கள். விமானத்தில் ஏற முடிந்தாலும் அக்கரையில் தனிமைப்படுத்தல் காத்திருந்தது. அந்தமானில் சுற்றுலாவுக்குக் கதவு திறந்தபோது, பயணத்துக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சான்று கேட்டார்கள்.

இந்தக் கோடுகள் எல்லாவற்றையும் ‘கட்டுப்பாடு’ என்ற ஒரே பெயரில் அன்று சகித்துக்கொண்டோம்; இன்று ஒரே பெயரில் திட்டித் தீர்க்கிறோம். இரண்டும் சரியில்லை என்பது என் வாதம். நோய் எந்த இடத்தில் குறுகி நுழைகிறதோ அந்த இடத்தில் போட்ட தடைக்கு அர்த்தம் உண்டு. தீவுக்கு அந்த இடத்தைக் கடலே காட்டிக்கொடுக்கிறது: ஒரு துறைமுகம், ஒரு விமானத் தளம், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தடையும் நேரத்தைத்தான் வாங்கித் தரும், நோயைத் தீர்க்காது. வாங்கிய நேரத்தில் என்ன செய்தார்கள், அதற்கான விலையை யார் தலையில் கட்டினார்கள் என்ற இரண்டையும் கேட்காமல் எந்தத் தீவு விதியையும் நியாயம் என்றோ அநியாயம் என்றோ சொல்ல முடியாது.

கடல் போட்ட கோட்டின் பலத்துக்கு வரலாற்றில் ஒரு கொடுமையான சான்று இருக்கிறது. 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து தலூன் என்ற கப்பல் மேற்கு சமோவாவின் ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. கப்பலில் இன்ஃப்ளூயன்சா இருந்தது. நியூசிலாந்தின் ஆட்சியில் இருந்த அந்தத் தீவில் யாரும் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. சில வாரங்களில் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் மாண்டது. பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் பாயர் துறைமுகத்தை அடைத்தார். அங்கே அந்தக் காய்ச்சலுக்கு ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஒரே இனம், ஒரே மொழி, ஒரே கடல். வேறுபட்டது துறைமுக உத்தரவு மட்டும். இந்தப் பிழைக்கு 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவாவிடம் மன்னிப்புக் கேட்டார். 2020இல் நியூசிலாந்து தன் எல்லையை அத்தனை வேகமாக அடைத்ததற்குப் பின்னால் இந்த நினைவும் இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

நமக்கு நெருக்கமான சான்று லட்சத்தீவு. பள்ளிக்கரணைக்கு அது அந்நியமான இடமில்லை. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம்தான் 2005இல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை அமைத்தது. ஆழ்கடலிலிருந்து குளிர்ந்த நீரை மேலே இழுத்து, வெற்றிடத்தில் ஆவியான மேல்மட்ட நீரை அதன் குளிர்ச்சியால் நன்னீராக மாற்றுகிற முறை அது. 2011இல் மினிக்காய், அகத்தி, 2020இல் கல்பேனி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்து அலுவலகத்தில் போட்ட கணக்கில் அங்கே மக்கள் தண்ணீர் குடிக்கிறார்கள். 32 சதுர கிலோமீட்டர், மக்கள் வாழும் பத்துத் தீவுகள், 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 64,500 பேர். பெரிய சிகிச்சை என்றால் ஹெலிகாப்டரில் கொச்சிக்குத் தூக்கிப் போக வேண்டும். வெளியார் நுழைய 1967ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதால், வாசலில் ஆளைக் கேட்கும் பழக்கம் அங்கே பெருந்தொற்றுக்கு முன்பே இருந்தது. கொரோனா வந்ததும் அந்த வாசலுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டார்கள். கொச்சியில் தனிமைப்படுத்தல், பிறகு பரிசோதனை, தீவில் இறங்கியதும் மறுபடியும் சில நாள் தனிமை. தீவுக்காரரும் அதிகாரியும் ஒரே வரிசையில் நின்றார்கள். இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் தொற்றிய 2020ஆம் ஆண்டு முழுவதும் லட்சத்தீவில் ஒருவருக்குக்கூட நோய் பதிவாகவில்லை.

2020 டிசம்பரில் நிர்வாகி தினேஷ்வர் சர்மா காலமானார். பிரபுல் கோடா பட்டேல் அந்தப் பொறுப்புக்கு வந்தார். கொச்சித் தனிமைப்படுத்தலை எடுத்துவிட்டு, 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்று போதும் என்று விதி மாறியது. தீவு மக்களும் அவர்களுடைய நாடாளுமன்ற உறுப்பினர் முகமது பைசலும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2021 ஜனவரித் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து கப்பலில் கவரத்தி வந்த ஒருவருக்கு நோய் இருப்பது ஜனவரி 18 அன்று உறுதியானது. அதுதான் தீவின் முதல் தொற்று. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஜனவரி 16 அன்று, இந்தியாவில் தடுப்பூசி போடத் தொடங்கியிருந்தார்கள். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு வேறு வாதம் தேவைப்படாது. பத்து மாதம் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தது எதற்கு? தடுப்பூசிக்குத்தான். அது வாசலுக்கு வந்த வேளையில், தீவில் பெரும்பாலானோர் கையில் ஊசி ஏறும் முன்பே, தாழ்ப்பாளை நீக்கிவிட்டார்கள். 2021 மே இறுதிக்குள் தொற்றியவர்களின் எண்ணிக்கை 7,000ஐத் தாண்டியது. பத்துப் பேரில் ஒருவருக்கு மேல்.

சான்று இருந்தால் போதாதா, தனிமைப்படுத்தல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அன்று அது வெகு நியாயமான கேள்வியாகத் தெரிந்தது. அந்தமானும் இதே 48 மணி நேரச் சான்றைத்தான் நம்பியது. ஆனால் பரிசோதனை, மூக்கில் குச்சியை விட்ட அந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும். அன்றைய வைரஸ் உடம்பில் நுழைந்து அறிகுறி காட்டச் சராசரியாக ஐந்தாறு நாள் ஆனது, சிலருக்குப் பதினான்கு நாள் வரை. திங்கட்கிழமை ‘இல்லை’ என்று சான்று வாங்கியவர் புதன்கிழமை கப்பலில் ஏறும்போது நோயோடு ஏறலாம். தனிமைப்படுத்தலின் பயன் நாட்கள் கழிவதில் இருக்கிறது. சான்று அந்த நாட்களைக் குறுக்குகிற சலுகை. மருத்துவமனைகள் நிறைந்த சென்னைக்கு அந்தச் சலுகை தாங்கும். தீவிரச் சிகிச்சைக்குக் கடல் தாண்ட வேண்டிய இடத்துக்குத் தாங்காது.

இன்னும் கூர்மையான எதிர்வாதம் எண்ணிக்கையை வைத்து வருகிறது. லட்சத்தீவில் மொத்தம் 11,000 பேருக்கு மேல் தொற்றியும் பதிவான இறப்பு 52தான். இதற்காகவா பத்து மாதம் ஊரைப் பூட்டி வைத்தீர்கள் என்று கேட்கலாம். 52 என்பது சிறிய எண்ணாகத் தெரிவது ஊர் சிறியது என்பதால். 2011 மக்கள்தொகையை அடிப்படையாக வைத்தால் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 80 இறப்பு வருகிறது. அதே அளவுகோலில் தமிழ்நாட்டில் பதிவானது 53 அளவில், நாடு முழுவதற்கும் 44 அளவில். பெருநிலத்தில் பல இறப்புகள் கணக்கில் ஏறாமல் போனதும், எல்லோரும் எல்லோரையும் அறிந்த தீவில் அப்படி விடுபட வாய்ப்புக் குறைவு என்பதும் உண்மைதான். சிறிய எண்ணை வைத்துப் போடும் விகிதம் எளிதில் ஆடும் என்பதும் தெரிந்ததே. ஆகவே தீவில் நோய் இருமடங்கு கொடியது என்று நான் சொல்ல வரவில்லை. தொற்று உள்ளே வந்தபின் தீவு என்பதால் எந்தத் தள்ளுபடியும் கிடைக்கவில்லை என்பதற்கு மட்டும் இந்தக் கணக்குப் போதும்.

இனி ஜி.எஸ்.டி. ரோட்டுக்குத் திரும்பலாம். கடலில்லாத இடத்தில் கோடு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020இன் சென்னையைவிட நல்ல பாடம் கிடைக்காது. மே முதல் வாரத்தில் கோயம்பேடு சந்தையை மூடியபோது, அங்கே மூட்டை தூக்கியவர்கள் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். நோயும் கூடவே போயிருந்தது. ஜூன் ஊரடங்கு அறிவிப்பு வந்ததும் தெற்கே போகும் வண்டிகள் பரனூர் சுங்கச்சாவடியில் வரிசை கட்டின. கோடு போடப்போகிறோம் என்ற அறிவிப்பே அதைத் தாண்டி ஓடச் சொல்லும் அறிவிப்பாகிவிட்டது. மண்டலம் விட்டு மண்டலம் போவதற்கான இ-பாஸ் அனுமதிக்குத் திருமணம், மரணம், மருத்துவம் என்று காரணங்கள் வகுத்தார்கள். காரணம் இல்லாதவர்களுக்குக் காரணம் தயாரித்துத் தரத் தரகர்கள் முளைத்தார்கள், சிலர் கைதானார்கள். நோய் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்குப் பதில், தாத்தா எந்த மாவட்டத்தில் இறந்தார் என்று அலுவலகங்கள் சரிபார்த்துக்கொண்டிருந்தன. ஆகஸ்ட் 17 முதல் கேட்டவர்களுக்கெல்லாம் இ-பாஸ் என்றார்கள். ஆகஸ்ட் 22 அன்று மத்திய உள்துறை, மாநிலத்துக்குள்ளும் மாநிலங்களுக்கு இடையிலும் தடை கூடாது என்று எழுதியது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸ் ஒழிந்தது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் மட்டும் சுற்றுலாப் பயணிகள் அனுமதி வாங்கியே போக வேண்டும் என்று விட்டுவைத்தார்கள். இந்த விதிவிலக்கு தற்செயலானது என்று தோன்றவில்லை. மலைக்கு ஏறும் பாதைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அங்கே சோதனைச்சாவடிக்குப் பொருள் உண்டு. மேடவாக்கத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவில் எங்கே சாவடி போடுவது? ஒரே தெருவின் இரு முனை இரண்டு மாவட்டமாக இருக்கும் ஊர் இது. 2022 ஜனவரியில் தாம்பரம் காவல் ஆணையரகம் உருவானபோது பள்ளிக்கரணை அதற்குள் போய்விட்டது. குப்பை அள்ள ஒரு நகரம், காவலுக்கு இன்னொரு நகரம். வைரஸுக்கு இந்த வரைபடம் எப்படிப் புரியும்?

இவ்வளவு சொன்ன பிறகு, தீவுத் தடை என்றாலே நல்லது என்ற முடிவுக்கு யாரும் தாவிவிடக் கூடாது. தமிழர்களுக்கு அதை மறக்கக் கூடாத காரணம் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கேம்ப் இன்று இலங்கை அகதிகள் முகாமாக அறியப்படுகிறது. அது தொடங்கியது இலங்கைக்குப் போகும் தோட்டத் தொழிலாளர்களைத் தனிமைப்படுத்தி வைக்கும் இடமாக. அதற்கு முன் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் இப்படியொரு முகாம் இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியதும் மண்டபம் முக்கியமானது. இந்திய மண்ணில் இருந்தாலும் நடத்தியது இலங்கை அரசு. காலரா, அம்மை பயம். வரிசையில் நிற்க வைத்து ஊசி, குளியல், துணிகளுக்குக் கிருமிநீக்கம், சில நாள் அடைப்பு, அதன் பிறகே ரயில். தொற்றுநோய் அறிவின்படி பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு: பாக் நீரிணை குறுகும் இடத்தில் வைத்த சரியான கோடு. ஆனால் அந்தக் கோட்டின் கெடுபிடி யார் மேல் விழுந்தது? தேயிலைக் காட்டுக்குப் போகிறவர்கள் மேல். போட் மெயில் ரயிலின் மேல் வகுப்பில் போனவர்களுக்கு இத்தனை அடைப்பு இல்லை. தொழிலாளி இலங்கைக்குப் போய்ச் சேர ஆன செலவே கங்காணி வழியாக அவர் தலையில் கடனாக ஏறிய காலமும் உண்டு. இத்தனைக்கும் 1914இல் கொழும்பில் பிளேக் தலைகாட்டியபோது அது தோட்டங்களில் தொடங்கவில்லை. துறைமுகத்தையும் தானியக் கிடங்குகளையும் சுற்றிப் பரவியது. ஆளைப் பிடித்து அடைத்தவர்கள் அரிசி மூட்டையையும் எலியையும் அத்தனை உறுதியாக அடைக்கவில்லை. சரக்கு தாமதித்தால் லாபம் குறையும். கூலியாள் தாமதித்தால் அவருடைய நாள்தான் போகும்.

நூறு ஆண்டு கழித்தும் இந்தக் கேள்வி தீரவில்லை. நியூசிலாந்து வெளிநாட்டிலிருந்து திரும்பும் தன் குடிமக்களை அரசு எடுத்த விடுதிகளில் இரண்டு வாரம் வைத்தது, உயிர்களைக் காத்தது. ஆனால் அறைகள் போதாமல் குலுக்கல் முறையில் இடம் கொடுத்தபோது, சொந்த நாட்டுக்குத் திரும்பவே பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். வீடு திரும்பும் உரிமையை அந்தக் குலுக்கல் முறை மீறியதாக 2022 ஏப்ரலில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் சொன்னது. கவனிக்க வேண்டியது, தனிமைப்படுத்தலே தவறு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. இடம் ஒதுக்கிய விதம்தான் தவறு என்றது. நான் வகுக்க முயலும் வேறுபாடும் ஏறக்குறைய இதுவே. சுற்றுலா விடுதிக்காரர், படகுக்காரர், வழிகாட்டி ஆகியோரின் வயிற்றைச் சுட்டிக்காட்டி, கதவைத் திறக்கச் சொல்லும் வாதத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அவர்கள் இழப்பு மெய்யானது. அதைக் காரணமாக்கிக் கதவைத் திறந்தால், ஒருவர் வருமானத்துக்கு இன்னொருவர் உடம்பு ஈடாகிறது. எல்லோருக்குமாகக் கதவைச் சாத்தும் அரசு, அதனால் வருமானம் இழக்கிறவர்களுக்கு எல்லோர் பணத்திலிருந்தும் ஈடு செய்ய வேண்டும். அதைச் செய்யாத அரசுக்குக் கதவைச் சாத்தும் உரிமை பாதிதான்.

தீவுக்குள்ளேயே இன்னொரு தீவு இருக்கும்போது சிக்கல் கூடுகிறது. அந்தமானில் 1956ஆம் ஆண்டின் பழங்குடி பாதுகாப்பு ஒழுங்குமுறை, அனுமதியின்றி வெளியார் பழங்குடியினர் பகுதிக்குள் போவதைத் தடுக்கிறது. இருந்தும் 2020 ஆகஸ்டில் கிரேட் அந்தமானியர்கள் பத்துப் பேருக்குக் கொரோனா உறுதியானது. அந்த இனத்தில் எஞ்சியிருப்பவர்களே ஐம்பதுக்குச் சற்று மேல். பத்துப் பேரும் தேறிவிட்டார்கள் என்பது பெரும் நிம்மதி. 1877இல் அந்தமானில் பரவிய தட்டம்மை இவர்களுடைய முன்னோரை அப்படி விட்டுவைக்கவில்லை. ஸ்ட்ரெய்ட் தீவில் குடியிருக்கும் இவர்கள் வேலைக்கும் வேறு தேவைகளுக்கும் தலைநகருக்குப் போய்வருகிறவர்கள். வெளியார் உள்ளே வருவதைத் தடுக்கும் சட்டம் உள்ளிருப்பவர் வெளியே போய்வருவதை யோசித்திருக்கவில்லை. யோசித்து அவர்களைப் பூட்டி வைத்திருந்தால் அது இன்னும் பெரிய கொடுமை. இங்கே தடையால் ஆகக்கூடியது குறைவு. போகும் இடத்தில், அதாவது தலைநகரில், நோய் குறைவாக இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு. அதற்குத் திரிசூலத்தில் விமானம் ஏறுகிற ஒவ்வொருவரும் பொறுப்பாளி ஆகிறார்கள்.

பெருந்தொற்று அடங்கியதும் சான்றுகள் போயின, கேள்வி போகவில்லை. 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக்குப் போய்வந்த பிறகு அங்கே போக ஆசைப்பட்டவர்கள் திடீரெனப் பெருகினார்கள். அதே 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் திரும்பி வந்தது, இம்முறை நெரிசலுக்காக. 2025 ஏப்ரலில் நாளுக்கு இத்தனை வாகனம் என்ற வரம்பும் சேர்ந்தது. மலை எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும் பணியைச் சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் ஒப்படைத்தார்கள். லட்சத்தீவுக்கு உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன் குழு ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டம் வேண்டும் என்று எப்போதோ பரிந்துரைத்துவிட்டது. ஆனால் அங்கே போக அனுமதி கேட்பவரிடம் காவல்துறை நற்சான்று கேட்கும் வழக்கம்தான் வேரூன்றியிருக்கிறது. பயணி நல்லவரா என்பது ஒரு கேள்வி. அவர் வந்தால் தீவு தாங்குமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை காண வேண்டிய எண்களில் ஒன்று பள்ளிக்கரணையிலேயே கிடைக்கும். கவரத்தி நிலையம் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் தருவதற்காக அமைக்கப்பட்டது. 2011இல் அந்தத் தீவின் மக்கள்தொகை 11,000க்குச் சற்று மேல். ஆளுக்கு ஒன்பது லிட்டர். இதோடு மருத்துவமனைப் படுக்கைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு எத்தனை சீட்டு என்பதை முடிவு செய்யலாம். அடுத்த தொற்று வரும் நாளில் அந்த எண்ணைக் குறைத்தால் போதும், புதிதாக விதி எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.